மறைத்த நோயும் மறந்த பிள்ளையும்

மஃரிப் தொழுதுவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது முன்வாசலில் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் குளிசைப் பட்டைகள். உள்ளே வந்து உட்காரும்படி என் மனைவி எவ்வளவோ சொல்லியும் அவர் வரவில்லை. தலையைக் குனிந்தபடியே சொன்னார்:

"ஹஸரத், மகனப் புடிச்சிட்டுப் போய் இன்டக்கி நாலு நாள். அவன்ட குளிசை எல்லாம் ஊட்டுல தான் ஈக்குது."

அது 2022ஆம் ஆண்டு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்ற காலம். வைத்தியசாலைகளில் மருந்துக்குத் தட்டுப்பாடு. கிளினிக்கில் கிடைக்காத குளிசையை, இடியப்பம் அவித்து விற்ற காசில் வெளியே வாங்கிப் பட்டை பட்டையாகச் சேர்த்து வைத்திருந்தார் அந்தத் தாய். மகனுக்கு 15 வயது. என்னிடம் குர்ஆன் ஓதிய பிள்ளை. வாப்பா வெளிநாட்டில். தன்னிலும் மூத்த பையன்களோடு சேர்ந்து செம்புக் கம்பி திருடிய வழக்கில் பொலிஸார் பிடித்திருந்தனர். அவனைத் தடுப்பு இல்லத்தில் வைக்கும்படி நீதவான் உத்தரவிட்டிருந்தார்.

அந்தப் பிள்ளைக்கு ஏழு வயதிலிருந்து வலிப்பு நோய். காலையும் மாலையும் தவறாமல் குளிசை குடித்தால் ஒன்றுமில்லை, தவறினால் ஆபத்து. "பிள்ளைக்கு ஏதும் வருத்தம் உண்டா?" என்று பொலிஸிலும் கேட்டார்கள், நன்னடத்தை உத்தியோகத்தரும் கேட்டார். இரண்டு இடத்திலும் தாய் சொன்ன பதில், "ஒண்டுமில்ல." மூத்த மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தம்பிக்கு வலிப்பு என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் விலகிப் போவார்களே என்ற பயம். தம்பி திருடிப் பிடிபட்டான் என்பதையே எப்படி மறைப்பது என்று தவித்தவர், வலிப்பையும் சேர்த்து மறைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் குளிசைப் பையோடு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை வைத்தியசாலையில் இருந்தான். இரவு வலிப்பு வந்திருக்கிறது. முதலில் அங்கிருந்த சிலர், வீட்டுக்குப் போவதற்காக நடிக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பாயில் படுத்திருந்த இன்னொரு பையன்தான் அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைத்து, கதவைத் தட்டிக் கத்தியிருக்கிறான். அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பியது. வார்டில் இருந்த இளம் டொக்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை?"

தாயிடம் பதில் இல்லை. என்னிடமும் பதில் இல்லை. ஏனென்றால் எனக்கும் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் மத்ரஸாவில் ஒருநாள் அவன் வலிப்பு வந்து விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். அவன் பிடிபட்ட செய்தியும் முதல் நாளே பள்ளிவாசலில் என் காதுக்கு எட்டியது. "நமக்கேன் இந்த வம்பு" என்று மூன்று நாட்கள் சும்மா இருந்தேன். அந்தத் தாய் வெட்கத்தால் மறைத்தார். நான் அலட்சியத்தால் மறந்தேன். இரண்டில் எது பெரிய குற்றம் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாயின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். "என்ட பிள்ளைக்கு வந்தது இன்னொரு பிள்ளைக்கு வரப்படாது, எழுதுங்க ஹஸரத்" என்று சொன்னவரே அவர்தான்.

இது யாருடைய பிரச்சினை?

சகோதரிகளே! "எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்" என்று நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. அந்தத் தாயும் ஒரு மாதத்துக்கு முன்புவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கைகலப்பு, நண்பன் கொடுத்த ஒரு பொட்டலம், அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டிய ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு வயது குறைந்த காதல் என எதுவும் ஒரு பிள்ளையை நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். குற்றம் செய்த பிள்ளை மட்டுமல்ல, குற்றத்துக்கு ஆளான பிள்ளையும் பாதுகாப்புக்காக இல்லத்தில் வைக்கப்படுவதுண்டு.

நம் நாட்டில் இப்பிள்ளைகளுக்கான ஏற்பாடு பழையது. 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் மீது அது எழுப்பப்பட்டது. வழக்கு முடியும்வரை வைத்திருக்கத் தடுப்பு இல்லம். வழக்கு முடிந்தபின் அனுப்பச் சான்றுபெற்ற பாடசாலை. மாக்கொல, கெப்பெட்டிபொல, அச்சுவேலி ஆகிய ஊர்ப் பெயர்களும், பெண் பிள்ளைகளுக்கான ரன்முதுகல என்ற பெயரும் இந்த வகையில் நெடுங்காலமாக அறியப்பட்டவை. மாக்கொல என்றதும் நமக்கு முஸ்லிம் அநாதை நிலையம்தான் நினைவுக்கு வரும். அதே ஊரில் இன்னொரு வகை அநாதைகளும் இருந்திருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எட்டு வயதுப் பிள்ளையைக்கூடக் குற்றவாளியாகக் கருத இடமளித்த நம் தண்டனைச் சட்டக்கோவை 2018இல் திருத்தப்பட்டது. இப்போது 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்யும் எதுவும் குற்றமாகாது. 12க்கும் 14க்கும் இடைப்பட்டவர்களின் விடயத்தில் பிள்ளையின் அறிவு முதிர்ச்சி பார்க்கப்படும். பருவமடையாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்று பதினான்கு நூற்றாண்டுகளாக ஓதிவரும் நமக்கு இதில் புதுமை இல்லை. ஆனால் வயதை உயர்த்தினால் மட்டும் போதுமா? உள்ளே போன பிள்ளையின் உடம்புக்கும் உள்ளத்துக்கும் யார் பொறுப்பு?

அவனுக்கும் உரிமை உண்டு

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், ஒவ்வொரு பிள்ளைக்கும் சுகாதார வசதி பெறும் உரிமை இருப்பதாகச் சொல்கிறது. சுதந்திரம் பறிக்கப்பட்ட பிள்ளையை அது விதிவிலக்காக்கவில்லை. 1990 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, காவலில் உள்ள சிறுவர்களுக்கென்றே விதிகளை ஏற்றுக்கொண்டது. அவற்றை ஹவானா விதிகள் என்பார்கள். அவற்றில் மருத்துவத்துக்கென்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. தாய்மார் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை என் சொல்லில் தருகிறேன்.

பிள்ளை உள்ளே வந்தவுடனேயே ஒரு வைத்தியரால் பரிசோதிக்கப்பட வேண்டும். முன்னர் துன்புறுத்தப்பட்ட அடையாளம் இருந்தால் அதைப் பதிவதும், உடனடியாகக் கவனிக்க வேண்டிய நோய் இருந்தால் கண்டுபிடிப்பதும் அந்தப் பரிசோதனையின் நோக்கம். பல், கண், மனநலம் ஆகிய எல்லாவற்றுக்கும் சிகிச்சை கிடைக்க வேண்டும். நோய்க்கேற்ற உணவும் தரப்பட வேண்டும். தண்டனையாகவோ, உண்மையை வரவழைப்பதற்காகவோ பிள்ளைக்கு மருந்து கொடுக்கக் கூடாது. மனநோய் உள்ள பிள்ளை அதற்குரிய இடத்தில் வைத்தியம் பெற வேண்டும். பிள்ளையின் உடல்நிலை முக்கியமான அளவுக்கு மாறினால் பெற்றோருக்கு அறிவிக்கப்பட வேண்டும். காவலில் தொடர்ந்து இருப்பதால் பிள்ளையின் உடம்போ மனமோ கெடுகிறது என்று வைத்தியர் கருதினால், அதை அவர் மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நம் நாட்டில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். தடுப்பு இல்லத்துப் பிள்ளையும் அதே வைத்தியசாலைக்குத்தான் போகிறான். ஆனால் நோய் பற்றி ஒருவரும் சொல்லாவிட்டால், கூட்டிப்போக உத்தியோகத்தர் இல்லாவிட்டால், வாகனம் இல்லாவிட்டால், இருக்கும் இலவச மருந்தும் எட்டாத மருந்தாகிவிடுகிறது. குறை எங்கிருந்தாலும் அதை நிரப்பும் முதல் ஆள் தாய்தான்.

முதல் இரவின் ஆபத்து

காவலில் முதல் சில மணி நேரமும் முதல் சில நாட்களும்தான் மிகவும் கவனிக்க வேண்டியவை. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் அப்போதுதான் அதிகம் தலைதூக்கும் என்று இத்துறையில் உள்ளவர்கள் எல்லா நாடுகளிலும் சொல்கிறார்கள். "உம்மாட மொகத்துல இனி எப்படி முழிக்கிற" என்ற ஒரே எண்ணம் பிள்ளையைத் தின்றுகொண்டிருக்கும் நேரம் அது.

நாளாந்த மருந்து திடீரென்று நிற்பதும் அந்த நாட்களில்தான். வலிப்புக் குளிசை நின்றால் என்னவாகும் என்பதை மேலே கண்டோம். சிறு வயதிலேயே நீரிழிவு வந்து இன்சுலின் ஊசியில் வாழும் பிள்ளைக்கு ஊசி தவறினால் ஓரிரு நாளிலேயே மயக்கமும் மரணமும் வரலாம். தொய்வு உள்ள பிள்ளைக்கு, நெரிசலும் தூசியும் நிறைந்த அறையில் இன்ஹேலர் இல்லாமல் ஓர் இரவைக் கழிப்பதே போராட்டம். தலசீமியா உள்ள பிள்ளைக்குக் குறித்த தவணையில் இரத்தம் ஏற்ற வேண்டும். உடம்பில் சேரும் இரும்பை அகற்ற மருந்தும் தொடர்ந்து கொடுக்க வேண்டும். குருநாகல் பக்கத்துச் சகோதரிகளுக்கு இந்த நோயைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. நாட்டின் தேசிய தலசீமியா நிலையமே அங்குதான் இருக்கிறது.

அடுத்தது போதை. சொல்ல நா கூசினாலும் சொல்லத்தான் வேண்டும். ஐஸ், தூள், பாபுல், வலிக்குக் கொடுக்கும் பிரெகாபலின் குளிசை எல்லாம் இன்று பாடசாலை வயதுப் பிள்ளைகளின் கைக்கு எட்டியிருக்கின்றன. தூளுக்குப் பழகிய பிள்ளை அது கிடைக்காதபோது வாந்தி, வயிற்றுப்போக்கு, உடல்வலி என்று துடிப்பான். உடம்பில் நீர் வற்றிப்போகும். ஐஸ் நின்றால் எழும்ப முடியாத தூக்கமும், வாழ்வே வெறுக்கும் சோர்வும் வரும். பிரெகாபலினை நிறையக் குடித்துப் பழகியவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இதைப் பார்ப்பவர் "திமிர்" என்பார், "நடிப்பு" என்பார். வைத்தியருக்கு விடயம் தெரிந்திருந்தால் மட்டுமே அது நோயாகப் பார்க்கப்படும். மகன் என்ன பாவித்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

சிறிய நோய்களும் உண்டு. சொறியும் பேனும் நெருக்கமாகப் படுக்கும் இடத்தில் ஒருவரிடமிருந்து எல்லோருக்கும் பரவும். சொறிக்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசிப் பயனில்லை. அறையில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். உடுப்பும் விரிப்பும் வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைக்கப்பட வேண்டும். வீட்டில் நாலு பிள்ளைகளை வளர்த்த எந்த உம்மாவுக்கும் தெரிந்த விடயம்தான் இது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இத்தகைய பிள்ளைகளில் எத்தனை பேர் கரும்பலகை தெரியாத கண்ணோடும், சரியாகக் கேட்காத காதோடும் வகுப்பில் உட்கார்ந்து, ஒன்றும் விளங்காமல் அடி வாங்கி, பாடசாலைக்குக் கட் அடித்துத் திரிந்தவர்களோ! ஒரு சோடி மூக்குக்கண்ணாடி நேரத்தோடு கிடைத்திருந்தால் அந்த வாசலுக்கே வந்திருக்க மாட்டான் ஒரு பிள்ளை. காவலில் செய்யப்படும் ஒழுங்கான மருத்துவப் பரிசோதனை, பல வருடமாக நாம் காணத் தவறிய ஒன்றைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பாகவும் அமையலாம்.

வலிப்பு நோயுள்ள அந்தப் பெண்மணி

நோயை ஏன் மறைக்கிறோம்? "மானம் போகும்" என்கிறோம். அடுத்தவரின் குறையை மறைப்பது நம் மார்க்கத்தில் நற்செயல்தான். ஆனால் மானத்தை மறைப்பது வேறு, நோயை மறைப்பது வேறு. ஒருவனின் பாவத்தை ஊரெல்லாம் பரப்பாதே என்றுதான் மார்க்கம் சொல்கிறது. வைத்தியரிடம் வருத்தத்தைச் சொல்லாதே என்று அது எங்கும் சொல்லவில்லை.

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஒரு சம்பவம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். தனக்கு வலிப்பு வருவதையும், அந்த நேரத்தில் தன் ஆடை விலகிப்போவதையும் மறைக்காமல் சொன்னார். தனக்காகப் பிரார்த்திக்கும்படி கேட்டார். பொறுமையாக இருந்தால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் குணமடையப் பிரார்த்திக்கிறேன் என்று இரண்டையும் அண்ணலார் அவர் முன் வைத்தார்கள். அவர் பொறுமையைத் தெரிவுசெய்தார். ஆடை மட்டும் விலகாதிருக்கப் பிரார்த்திக்கும்படி வேண்டினார். நபியவர்களும் பிரார்த்தித்தார்கள். பின்னொரு நாளில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் தம் மாணவர் அதாவுக்கு அந்தப் பெண்ணைக் காட்டி, சுவர்க்கத்துப் பெண் என்று அறிமுகப்படுத்தினார்கள்.

இதை நான் வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். பொறுமையின் சிறப்பு என்று மட்டுமே நடத்தினேன். அந்த வார்டில் நின்றபோதுதான் அதன் மறுபக்கம் விளங்கியது. அந்தப் பெண் தன் நோயை வாய் திறந்து சொன்னார். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது, மரியாதையோடு தெரிந்திருந்தது. நம் ஊரில் அவர் இருந்திருந்தால் ஜின் பிடித்தவள் என்றிருப்போம். பெண் கேட்டு ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். அந்தச் சிறுவனின் தாயைப் பொய் சொல்லவைத்தது நாங்கள்தான், அவருடைய ஊரார்.

மறந்துபோன நம் வரலாறு

காவலில் உள்ளவனின் உடம்பைக் கவனிப்பது ஐக்கிய நாடுகள் சொல்லி நாம் கற்க வேண்டிய பாடம் அல்ல. அநாதைக்கும் ஏழைக்கும் பக்கத்தில் கைதியையும் நிறுத்தி, அவர்களுக்கு உணவளிப்போரை அல்லாஹ் ஸூரத்துல் இன்ஸானில் புகழ்கிறான். பத்ர் கைதிகளுக்கு நல்ல உணவைக் கொடுத்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழத்தோடு இருந்துகொண்ட ஸஹாபாக்களின் வரலாறு தெரிந்ததே.

ஹாரூன் அர்ரஷீதின் பிரதம காழியாக இருந்த இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள், கலீபாவுக்கு எழுதிய கிதாபுல் கராஜில் கைதிகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கோடைக்கு ஓர் உடுப்பு, குளிருக்கு ஓர் உடுப்பு கொடுக்க வேண்டும். பெண் கைதிக்கு மேலதிகமாக முக்காடும் கொடுக்க வேண்டும். ரொட்டியாகக் கொடுத்தால் காவலர் எடுத்துவிடக்கூடும், எனவே மாதப் பணமாகக் கைதியின் கையிலேயே கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர் ஒரு ஃபிக்ஹ் மேதை!

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்தாதில் கலீபா முக்ததிரின் வஸீராக இருந்தவர் அலீ இப்னு ஈஸா. சிறைகளில் ஆட்கள் நெருக்கமாக இருக்கிறார்கள், இடமோ கடினமானது, எனவே நோய் வராமல் இருக்காது, அவர்களால் வைத்தியரிடம் போகவும் முடியாது என்று எண்ணிப் பார்த்து, தலைமை வைத்தியரான ஸினான் இப்னு ஸாபித்துக்கு அவர் கடிதம் எழுதினார். ஒவ்வொரு நாளும் வைத்தியர்கள் சிறைகளுக்குள் போய் நோயாளிகளைப் பார்க்க வேண்டும், மருந்தையும் பானங்களையும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முந்திய செய்தி இது!

தாய்மார் செய்ய வேண்டியவை

அல்லாஹ் பாதுகாக்க வேண்டும்; அப்படி ஒரு நிலை உங்களுக்கோ உங்கள் உறவினருக்கோ ஏற்பட்டால் அழுதுகொண்டு அறைக்குள் இருந்துவிடாதீர்கள்.

முதலாவது, சொல்லுங்கள். பொலிஸில் சொல்லுங்கள், நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள், இல்லத்தின் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். பிள்ளையின் நோய், குடிக்கும் மருந்து, ஒவ்வாத மருந்து, அடுத்த கிளினிக் திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சட்டத்தரணி மூலம் நீதவானின் கவனத்துக்கும் கொண்டுவாருங்கள். வைத்தியப் பரிசோதனைக்கு உத்தரவிட நீதவானால் முடியும். சட்டத்தரணிக்குப் பணமில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இரண்டாவது, மருந்தைப் பட்டையோடு, கிளினிக் கொப்பியின் போட்டோப் பிரதியோடு பொறுப்பாளரின் கையில் கொடுங்கள். உதிரிக் குளிசைகளைக் கடதாசியில் சுற்றி மகனின் சட்டைப் பையில் திணிக்காதீர்கள். அது போதைக் குளிசை என்று சந்தேகிக்கப்படலாம். மற்றப் பிள்ளைகளின் கைக்கும் போகலாம். கொடுத்ததைப் புத்தகத்தில் பதியும்படி பணிவோடு கேளுங்கள். பிறந்தபோது தந்த சிறுவர் சுகாதாரப் பதிவேட்டைத் தேடி எடுத்து வையுங்கள். ஏற்றிய தடுப்பூசிகளெல்லாம் அதில் இருக்கும்.

மூன்றாவது, பிள்ளையின் உடம்பில் அடிகாயம் கண்டால் சத்தம் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி கேளுங்கள். அவர் எழுதும் அறிக்கைதான் நீதிமன்றத்தில் பேசும். நாள் போனால் காயமும் மறையும், சாட்சியும் மறையும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

நான்காவது, பார்க்கப் போகும்போது ஏச வேண்டாம். கிடைப்பது சிறிது நேரம். "குடும்ப மானத்த வாங்கிட்டியே" என்று அந்த நேரத்தைச் செலவழித்தால், நீங்கள் போனபின் அந்த வார்த்தையோடுதான் அவன் இரவைக் கழிப்பான். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறானா, எங்காவது அரிக்கிறதா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். கையில் கீறல், பேச்சில் வெறுமை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" போன்ற சொல் ஏதும் கண்டால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 1926 என்ற இலக்கம் இருக்கிறது.

வலிப்பு உள்ள பிள்ளை என்றால் கூடப் படுப்பவர்களுக்கும் பொறுப்பாளருக்கும் மூன்று விடயங்களைச் சொல்லிவையுங்கள். பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். வாய்க்குள் எதையும் வைக்கவோ, கையில் இரும்பைத் திணிக்கவோ கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பெண் பிள்ளைகள் விடயத்தில்

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. துஷ்பிரயோகத்துக்கு ஆளான பிள்ளை, வழக்கு முடியும்வரை வருடக்கணக்கில் வீட்டைப் பிரிந்து இல்லத்தில் இருக்க நேர்வதை நாம் காண்கிறோம். அவள் குற்றவாளி அல்ல. ஆனாலும் ஊர் அவளைப் போய்ப் பார்ப்பதில்லை.

அவளுக்கு மாதவிடாய்க் காலத்துக்குத் துவாய் வேண்டும், மறைவான குளியலறை வேண்டும், உள்ளாடை வேண்டும். இவற்றை ஓர் ஆண் உத்தியோகத்தரிடம் கேட்க அவள் நா எழாது. பரிசோதனைக்கு முடிந்தவரை பெண் வைத்தியரைக் கேட்கலாம். பரிசோதனையின்போது ஒரு பெண் அருகில் இருக்கும்படி கேட்கலாம். துஷ்பிரயோகத்துக்கு ஆளானவளுக்கு உடற்பரிசோதனையோடு மட்டும் சிகிச்சை முடிந்துவிடாது. இரவில் அலறி எழும் பிள்ளைக்கு மனநல வைத்தியமும் தேவை. ஒரு வார்த்தை எல்லாத் தாய்மாரிடமும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தப் பிள்ளையிடம் "நீ ஏன் போன?" என்று கேட்காதீர்கள்.

மஹல்லாவின் கடமை

பள்ளிவாசல் நிர்வாகங்களையும் மாதர் சங்கங்களையும் பார்த்துக் கேட்கிறேன். றமழானில் உலர் உணவுப் பொதி பகிர்கிறோம், பாடசாலைக் கொப்பி பகிர்கிறோம். பக்கத்து மாவட்டத்தில் உள்ள தடுப்பு இல்லத்தில் சவர்க்காரம் இருக்கிறதா, பாய் விரிப்பு இருக்கிறதா, பிள்ளைகளுக்கு மூக்குக்கண்ணாடி தேவையா என்று ஒருதடவையாவது விசாரித்திருக்கிறோமா? மாகாண நன்னடத்தைத் திணைக்களத்தின் அனுமதியோடு செய்யக்கூடிய வேலைகள் எத்தனையோ. நம் சமூகத்தில் டொக்டர்கள் இருக்கிறார்கள், பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற தாதிமாரும் ஆசிரியைகளும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் கொடுத்தால் என்ன? முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பிரிக்கவும் தேவையில்லை. அன்றிரவு எங்கள் பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைத்துக் கதவைத் தட்டியவன் ஒரு சிங்களப் பிள்ளை. அவனைப் பார்க்க அந்த மாதம் முழுவதும் யாருமே வரவில்லை என்று பிறகு அறிந்தோம்.

நோன்பு காலத்தில் ஒரு கேள்வி வரும்: இன்சுலின் ஊசியிலும் வலிப்புக் குளிசையிலும் இருக்கும் பிள்ளை உள்ளே நோன்பு பிடிக்கலாமா? நோயாளிக்கு அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான். வைத்தியர் வேண்டாமென்றால் அந்தச் சலுகையை ஏற்பதே மார்க்கம். "ஊட்டுல நாங்க எல்லாரும் நோன்பு" என்று சொல்லி அவனை வருத்த வேண்டாம்.

வெளியே வரும் நாள்

ஒரு நாள் அவன் வீட்டுக்கு வருவான். சந்தோஷத்தில் நாம் மறந்துவிடுவது மருந்தை! உள்ளே என்ன சிகிச்சை நடந்தது, என்ன குளிசை, அடுத்து எந்த கிளினிக் என்று எழுதிய வைத்தியத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டே வாருங்கள். மனநல மருந்து குடிப்பவனை "இனி எதுக்கு?" என்று நிறுத்திவிடாதீர்கள். போதையிலிருந்து விடுபட்டவனுக்கு முதல் மாதங்கள் வழுக்கும் படிக்கட்டு. பழைய அளவை மீண்டும் தொட்டால் உடம்பு தாங்காது, உயிரே போகலாம். அவனுக்கு ஒரு வேலை, ஒரு தொழிற்பயிற்சி, பள்ளிவாசல் ஸஃப்பில் ஓர் இடம் வேண்டும். அவன் வந்து நிற்கும்போது பக்கத்தில் நிற்பவர் விலகாமல் இருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைக்கு நீதவான் பிணை வழங்கினார். நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் வீட்டுக்கு வந்தான். இப்போது ஒரு மரவேலைப் பட்டறையில் இருக்கிறான். சுழலும் வாளுக்குப் பக்கத்தில் அவனை விட வேண்டாம் என்று முதலாளியிடம் தாயே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அன்று இரண்டு இடத்தில் "ஒண்டுமில்ல" என்று சொன்ன அதே தாய்! முதலாளியும் மறுக்கவில்லை, மெருகுபோடும் வேலையில் வைத்திருக்கிறார். அக்காவின் கலியாணம்? மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். ஒரு வீட்டார் போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்கள் போகவில்லை.

சகோதரிகளே! இன்றே உங்கள் மஹல்லாவில் விசாரித்துப் பாருங்கள். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஒரு தாய் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருப்பார். போய்க் கதவைத் தட்டுங்கள். என்ன நடந்தது என்று கேட்க வேண்டாம். "பிள்ளையின் மருந்து போய்ச் சேர்ந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். என்னைப்போல மூன்று நாள் தாமதிக்காதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் காப்பாயாக. தவறியவர்களைத் திருத்துவாயாக. நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக. பூட்டிய கதவுக்குள் இருப்பவர்களை மறந்துவிடாத உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.